ஒழுகாத டேங்க்

கேரவனுக்கு அடியில் மறுபடியும் ஈரம். அழகுபாண்டி மண்டி போட்டுக் குனிந்து மோந்து பார்த்தான். கக்கூஸ் டேங்க் ஒழுகினால் நாறத்தானே வேண்டும்? நாறவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கேரவன் அது. உள்ளே ஒரு கட்டில், ஏசி, சின்னதாக ஒரு அடுப்பு, கட்டிலை ஒட்டிக் கக்கூஸ், அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டேங்க். அழகர்கோவிலுக்கும் மலைக்கும் போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷம் கழித்து மனைவி பாண்டிமீனாவுக்கு வயிற்றில் தங்கியதும் வாடகையை நிறுத்திவிட்டான். இது ஆறாவது மாசம். படியேறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வில்லாபுரத்தில் இவர்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஆகவே ஊருக்கு வெளியே, குடும்பத்துக் காட்டை பிளாட் போட்டு விற்றதில் மிஞ்சிய துண்டில் கேரவனை நிறுத்தி, அவளை அதில் குடிவைத்தான். இந்தப் பிள்ளையும் நிற்காமல் போனால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்று வாரமாக ஒழுகுகிறது. முதலில் எம்-சீல் வைத்து அடைத்தான். பிறகு வால்வுக்குப் புது வாஷர் போட்டான். கடைசியில் டேங்கையே மாற்றினான். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் காய்ந்து கிடக்கும், மூன்றாம் நாள் சொட்ட ஆரம்பித்துவிடும். கட்டிலுக்கு நேர் கீழே சத்தம் கேட்பதாக மீனா சொன்னபோதெல்லாம் ஏசித் தண்ணீர் என்று சமாளித்தான்.

பொய் அது ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. டேங்க் நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போவதாகவும் அவளிடம் சொல்லியிருந்தான். நூறு லிட்டருக்கு எந்த லாரிக்காரன் வருவான்? துண்டின் மூலையில் பழைய கிணறு ஒன்று தூர்ந்து கிடந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. வாரா வாரம் ஓஸைப் போட்டு அதற்குள்தான் திறந்துவிட்டான்.

அவன் வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்று முப்பதாம் நாள் மஞ்சள் வைத்துக் கும்பிட்டு முதல் குடம் தண்ணீர் சேந்திய கிணறு அது. அவனைப் பெற்றபோது அவன் அம்மாவும் சேந்தியிருக்கிறாள். வறண்டு கிடந்தாலும் நானும் மஞ்சள் வைக்கணும் என்று மீனா ஆசையாகச் சொன்ன அன்று, ஓஸைச் சுருட்டிய ஈரக்கையோடு அவன் சரி சரி என்று தலையாட்டினான். நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அடுத்த வாரமும் அதையே செய்தான்.

காலையில் ஃபைபர் வேலை பார்க்கிற காளை வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து டேங்கைத் தட்டினான். கையை நனைத்துப் பார்த்தான். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் விரல் மரத்துப்போகிற மாதிரி ஜில்லென்று இருந்தது. விரல் நுனியில் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது.

"அண்ணே, டேங்க் காலியாத்தான் இருக்கு. இது கெணத்துத் தண்ணிண்ணே."

அழகுபாண்டி மூலையில் கிடந்த கிணற்றைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒழுகுறது ஒழுகட்டும்ணே. அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

மூன்று மாடி. அம்பத்திரண்டு படி. தூக்கிக்கொண்டு போகிறபோது கால் இடறினால்? அடைத்தே ஆக வேண்டும் என்று அழகுபாண்டி பிடிவாதமாக நின்றான். ஃபைபர் துணியும் பசையுமாக நான்கு சுற்று, வால்வு, குழாய், மூட்டு எதையும் விடாமல் காளை மூடினான். வேலை முடிந்ததும் கை கழுவினான். டீ கூடக் குடிக்கவில்லை, வாரேண்ணே என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல மீனா உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மாமா, சத்தம் நின்னுருச்சு."

"நல்லாத் தூங்கு" என்றான். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. வேப்பமர நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்தான். பொட்டல் வெளி முழுக்க வெயில் கொதித்தது, பிளாட் கற்கள் வெள்ளை வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன, காற்றில்லை, காக்கைகூடக் கத்தவில்லை, தூரத்து ரிங் ரோட்டில் போகிற லாரிச் சத்தமும் இங்கே வந்து சேரவில்லை. வண்டிக்கு அடியில் மண் காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. கண் செருகியது.

ஏதோ சத்தம் கேட்டு விழித்தான். சொட்டுகிற சத்தமில்லை. குழாயடியில் குடம் நிறையும்போது கனத்த சத்தம் மெல்ல மெல்ல மேலேறி மெலியுமே, அது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், கால் தானாகக் கிணற்றடிக்கு நடந்தது. எட்டிப் பார்த்தான்.

அவன் கொட்டிய எதுவும் அங்கே இல்லை. நாற்றமில்லை. தூர் மண்ணும் இல்லை. அடிப்பாறை வரைக்கும் யாரோ தேய்த்துக் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

திரும்பினான். கேரவன் குள்ளமாகத் தெரிந்தது. நாலு டயரும் மண்ணில் நசுங்கிக் கிடந்தன. அச்சு வளைந்திருந்தது.

ஓடினான். கைப்பிடி ஜில்லென்று இருந்தது. இழுத்தான், வரவில்லை. "மீனா" என்றான். சத்தம் மட்டும் மெலிந்துகொண்டே போனது. பிறகு அதுவும் நின்றது.

கடப்பாரையை எடுத்து டேங்கில் இறக்கினான். தெறித்துத் திரும்பியது. மறுபடி. மறுபடி. கீறல்கூட விழவில்லை. காளை வேலை அப்படி.

ஜன்னலுக்கு ஓடினான். கண்ணாடி வெளியே வேர்த்திருந்தது. கையால் துடைத்தான்.

உள்ளே கூரை வரைக்கும் பச்சைத் தண்ணீர். நடுவில் கட்டில். கட்டிலில் மீனா.

மிதக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். கூந்தல் மட்டும் மேலே எழும்பி அசைந்தது. வயிறு ஒட்டியிருந்தது. இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால்மேல் எதையோ குப்புறக் கிடத்தி, குனிந்து, ஒரு கையால் தாங்கி, மறுகையால் அதன் முதுகை அவள் மெதுவாகத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.