அக்காவுக்கு டிக்கெட் வேண்டாம்

"செவ்வாய்க்கிழமைன்னு முடிவு பண்ணியாச்சு!"

சமையலறை வாசலில் நின்று சின்னவள் அறிவித்தபோது, பெரியவள் பால் பாத்திரத்தை ணங்கென்று அடுப்பில் வைத்தாள். முடிவு பண்ணியாச்சாம்! யாரைக் கேட்டு?

தீம் பார்க் போகவேண்டும் என்று பிள்ளைகள் இரண்டும் விடுமுறை ஆரம்பித்த நாளிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தன. போகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நாள் குறிக்கும்போது வீட்டு மூத்த மருமகளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

"செவ்வாய்க்கிழமை நான் ஸ்கூல் யூனிஃபார்ம் கொடுத்தாகணும்" என்றாள் பெரியவள், அடுப்பைப் பார்த்தபடியே. "ஞாயித்துக்கிழமை வச்சிருக்கலாமே?"

"ஞாயித்துக்கிழமை டிக்கெட் விலை ஜாஸ்திக்கா. கூட்டம் வேற. வேலை நாள்ல போனா எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"அப்ப புதன்கிழமை? அதுவும் வேலை நாள்தானே?"

சின்னவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த பெரியவளின் கணவனைப் பார்த்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அந்த மனுஷர், உலகத்துச் செய்தியெல்லாம் தன் தலையில்தான் விழுந்தது போலப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"பாத்தியா பெரியவளே, அவ சிக்கனத்தை!" என்று மாமியார் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "கடைசில பாரு, இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் போறவ இவதான்!"

பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

சிக்கனமா? முன் அறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, இந்தச் சின்னவளைக் கட்டியிருக்கும் கொழுந்தனை எலக்ட்ரீஷியன் வேலைக்குப் படிக்க வைத்தது யார்? கணவன் சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவது யார்? அதற்கு இந்த வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்து 'சிக்கனம்' என்று ஒரு சொல் வந்திருக்குமா? செல்போன் கடை கவுண்டரில் நின்று சிரிக்கத் தெரிந்தவள், போனைத் தட்டி நாலு டிக்கெட் போட்டுவிட்டால் அது பெரிய சாமர்த்தியம்!

அதுகூடப் போகட்டும். பெரியவள் பெற்ற மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தக் குட்டி, எழுந்ததும் எழாததுமாய் ஓடி வந்து கட்டிக்கொண்டது யாரை? சித்தியைத்தான். "சித்தி, அலைக்குளத்துல நான் உங்ககூடத்தான் இறங்குவேன்!" என்று கொஞ்சல் வேறு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதற்கும் மாமியாரிடம் பேச்சு வாங்கினாள்.

இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. வருஷா வருஷம் சின்னவள் பிறந்த நாளுக்கு இந்த வீட்டில் பலூன் கட்டிக் கேக் வெட்டுவார்கள். கேக் செய்வது பெரியவள். பலூன் ஊதுவதும் அவள்தான். அதற்கு மறுநாள் பெரியவளின் பிறந்த நாள். அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை, கேட்காத பேரிடம் போய்த் தம்பட்டம் அடித்துக்கொள்ள அவள் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சின்னவளுடைய கேக்கில் ஒரு துண்டைப் பெரியவள் தட்டு போட்டு மூடி வைத்து, மறுநாள் காலையில் சமையலறையில் நின்றபடியே தின்றுவிடுவாள். அவ்வளவுதான் கொண்டாட்டம். "கேக்குன்னா இவளுக்கு என்னதான் ஆசையோ, ஒளிச்சு வச்சுத் திங்கறா!" என்று அதற்கும் மாமியாரின் கேலி ஒன்று உண்டு.

அன்று சாயங்காலம் சின்னவள் நைலான் துணியோடு வந்து நின்றாள்.

"அக்கா, பருத்தித் துணியோட தண்ணில இறங்க விடமாட்டாங்களாம். நைலான்தான் போடணுமாம். அங்கயே வாடகைக்குத் தராங்க, ஆனா வாடகையைக் கேட்டா மயக்கம் வருது! துண்டுத் துணிக் கடையில சல்லிசா வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க நம்ம எல்லாருக்கும் தச்சுக் கொடுத்துடுங்களேன்... உங்க கை பட்டா கடை உடுப்பு தோத்துடும்!"

புகழ்ச்சியைப் பார்! காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் அக்கா. பெரியவள் துணியை வாங்கி மிஷின் மேல் போட்டாள்.

பிள்ளைகள் உடுப்பை முடித்துவிட்டு நூல் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்து அறையிலிருந்து பேச்சு காதில் விழுந்தது.

"அக்காவுக்கு டிக்கெட் வேண்டாம் மாமா. அந்தக் காசு மிச்சம்!" சின்னவளின் குரல்.

"அவளுக்குத் தெரிஞ்சுடப் போகுது" என்றது பெரியவளின் கணவன் குரல்.

"மூச்சு விடாதீங்க. அவ காதுல விழுந்துச்சுன்னா எல்லாம் கெட்டுப் போயிடும்" என்றாள் மாமியார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு சிரிப்பு... கொழுந்தனுடைய சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவள் தைத்த காசில் படித்தவன்!

பெரியவள் நூலை அப்படியே விட்டுவிட்டாள். டிக்கெட் வேண்டாம்... தைப்பதற்கு மட்டும் அக்கா வேண்டும், போவதற்கு அக்கா வேண்டாம்! கட்டின புருஷனும் கூட உட்கார்ந்து சிரிக்கிறாரே! கண்ணீர் பொலபொலவென்று நைலான் மேல் விழுந்தது. நைலான் ஈரத்தை உறிஞ்சாது. துளி துளியாக உருண்டு கீழே போயிற்று.

அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. சின்னவளுக்கு வெட்டவேண்டிய துணி எதிரே கிடந்தது. அளவு அவளுக்கு மனப்பாடம். கொடி மாதிரி உடம்பு, அதிலும் ஒரு பொறாமை உண்டு இவளுக்கு. கத்தரியை எடுத்தாள். இடுப்பில் நாலு விரல் கூட்டினாள். தோளில் கூட்டினாள். மனசு ஆறவில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டினாள். பார்க்குக்கு வருகிற ஜனமெல்லாம் பார்த்துச் சிரிக்கட்டும், மகாராணி மூட்டைக்குள் புகுந்துகொண்டு போகிறாள் என்று!

அதைத் தைத்து முடித்தபோது துணி தீர்ந்திருந்தது. தனக்கென்று ஒரு கைக்குட்டை அளவுகூட மிச்சமில்லை. டிக்கெட்டே இல்லாதவளுக்கு உடுப்பு எதற்கு?

"உங்களுக்குத் தச்சாச்சாக்கா?" என்று சின்னவள் மறுநாள் கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு" என்றாள் பெரியவள். நடிப்பைப் பார் நடிப்பை!

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். உள்ளே சாப்பாட்டு விலை நெருப்பு, வெளிச்சாப்பாட்டை விடமாட்டார்கள் என்பதால் மாமியாரின் கட்டளை அது. சின்னவளின் மகன் தக்காளிக்கு, கன்னத்தை வைத்து வந்த பேர் அது, தனிப் பாடம் நடந்தது. "வாசல்கிட்ட உயரம் பார்க்க அளவுக்கோடு போட்டிருப்பாங்கடா. அதுக்குக் கீழ இருந்தா ஓசி. நீ பாட்டுக்கு நிமிர்ந்து நின்னு தொலைக்காதே!"

பெரியவள் பைகளைக் கட்டி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நான் வெளியில மரத்தடியில பையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துக்கறேன். லாக்கர் வாடகையும் மிச்சமாகும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். யாராவது ஒருத்தர், 'அதெப்படி, நீ இல்லாமலா?' என்று கேட்கமாட்டார்களா? அந்த ஒரு சொல்லுக்காக அவள் உயிரே காத்திருந்தது.

"நல்ல யோசனைதான்க்கா!" என்றாள் சின்னவள். கொழுந்தனுக்குப் புரையேறியது. கணவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். வாலு சித்தியின் மடியில்.

பார்க் வாசலில் கூட்டம் அதிகமில்லை. அளவுக்கோட்டைப் பார்த்ததும் தக்காளி வீரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நுனிக்காலில் நின்றான். அப்படியும் கோடு எட்டவில்லை, மாமியாருக்கு உயிர் வந்தது. பெரியவள் பைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தடிப் பெஞ்சை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து சின்னவள் ஓடி வந்து கையைப் பிடித்துக் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் டிக்கெட் ஜன்னல் முன்னால் நிறுத்தினாள்.

"மேடம், இன்னிக்குப் பிறந்த நாள் உள்ளவங்களுக்கு நுழைவு இலவசம்தானே? இவங்கதான்! எங்க அக்கா! அக்கா, உங்க அடையாளக் கார்டைக் காட்டுங்க!"

"ஹேப்பி பர்த்டேம்மா!" என்று வாலு கத்தியது. கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து பலூனை எடுத்து ஊத ஆரம்பித்தான். கணவர் அசட்டுச் சிரிப்போடு, "உன் இன்ஷூரன்ஸ் காகிதத்துல பார்த்துச் சொன்னேன்... இதுக்குத்தான் செவ்வாய்க்கிழமைன்னு நாள் குறிச்சது" என்றார்.

பெரியவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அக்காவுக்கு டிக்கெட் வேண்டாம்... அந்தச் சிரிப்பு... எல்லாம் இதற்குத்தானா? ஆனால் வாயில் வந்தது வேறு.

"எனக்கு இன்னிக்குப் பிறந்த நாள் இல்லையே..."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஜன்னலுக்குள் இருந்த பெண் கார்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கார்டுல இருக்கேம்மா?"

"அது ஸ்கூல்ல எழுதினதுங்க. எங்கப்பாவுக்குத் தேதி நினைவில்லை, ஹெட்மாஸ்டரே ஒண்ணைப் போட்டுட்டார். எங்க வகுப்புல பாதிப் பேருக்கு இன்னிக்குத்தான் பிறந்த நாள். எங்கம்மா சொன்ன தேதி வேற..."

"அய்யோ, இவ வாயை யாராவது மூடுங்களேன்!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "டிக்கெட் காசு போச்சே!"

ஜன்னல் பெண் சிரித்துவிட்டாள். "எனக்கும் ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்த நாள்தாம்மா. கார்டுல என்ன இருக்கோ அதுதான் எங்களுக்குக் கணக்கு. குனிங்க!" என்று தங்க நிறக் காகிதக் கிரீடம் ஒன்றை நீட்டிப் பெரியவளின் தலையில் வைத்தாள்.

உள்ளே நுழைந்ததும் மாமியார் அவளை நிறுத்தினாள். "அப்ப நீ எப்பத்தான்டி பொறந்தே?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சின்னவ பிறந்த நாளுக்கு... மறுநாள் அத்தை."

மாமியாரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அந்தக் கேக்குத் துண்டு..." என்றாள். "அடிப்பாவி! அதுக்காகவா எடுத்து வச்சே? நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"கேட்டாத்தானே அத்தை சொல்றதுக்கு!" பல வருஷமாக அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது. "உங்க பிள்ளைகூடக் காகிதத்தைத்தானே பார்த்தார்... என்கிட்டக் கேட்டாரா? நானா ஒரு பலூனை எனக்கு ஊதிக்கவா?"

கணவர் கிரீடத்தைச் சரி செய்கிற சாக்கில் அவள் தலையில் கை வைத்துக்கொண்டே நின்றார். "என் தப்புதான்" என்று அவர் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது.

உடை மாற்றும் அறையில் பெண்கள் மட்டும். சின்னவள் தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தலையணை உறைக்குள் குச்சியைப் போட்டது போல இருந்தது. வாலு விழுந்து விழுந்து சிரித்தது.

"அக்கா... எனக்கு எப்படி இது...? மாறிப் போச்சா? இது உங்களோடதா?"

பெரியவளின் முகம் சிவந்தது. 'ஆமாம், மாறிவிட்டது' என்று ஒரு பொய் போதும். ஆனால் கிரீடம் வைத்த தலையோடு பொய் சொல்ல வரவில்லை.

"மாறலை. வேணும்னுதான் பெருசாத் தச்சேன். எனக்கு டிக்கெட் வேண்டாம்னு நீ சொன்னதைக் கேட்டேன். வயித்தெரிச்சல்! எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கணும்னு தச்சேன். எனக்குத் துணியே மிச்சமில்லை. நான் தச்சுக்கவே இல்லை... என் பொண்ணு உன் மடியில உட்காரும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

சொல்லிவிட்டு அறை விழுமென்று எதிர்பார்த்தவள் போல நின்றாள். சின்னவளின் கண் நிறைந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதாக்கா? என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் நான்தான் முழிச்சிருந்தேன். கண்ணைத் திறந்ததும் 'பெரியம்மா எங்கே'ன்னான். குளியலறையில போய் அழுதேன். இந்த வீட்டுல ஒரு பொத்தான் அறுந்தாக்கூட உங்களைத்தான் தேடறாங்க. நான் சிரிச்சுப் பேசிப் பேசித்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கு... அதுலயும் நீங்க என்னைப் பார்த்து ஒரு நாள் சிரிச்சதில்லை!"

பெரியவள் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாக அழுத அழுகையில் மாமியாரும் மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று.

சின்னவள் உடுப்பைக் கழற்றிக் கொடுத்தாள். பெரியவள் போட்டுப் பார்த்தாள். தோள், இடுப்பு, நீளம், எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதம்!

"அத்தனை ஆத்திரத்துலயும் கை தன் சொந்தக்காரியோட அளவைத்தான் வெட்டியிருக்கு" என்றாள் மாமியார்.

"நீங்க இறங்குங்கக்கா. நான் பையைப் பார்த்துக்கறேன்."

"பேசாம வா!" பெரியவள் அவளை வாடகை உடுப்புத் தரும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பர்ஸைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக விலை கேட்காமல் பணத்தை நீட்டினாள். பைகளையெல்லாம் லாக்கரில் திணித்தாள். அதற்கும் வாடகை!

"மிச்சம் பிடிச்சதெல்லாம் போச்சேக்கா!"

"போகட்டும்டி. அடுத்த மாசம் பிடிச்சுக்கலாம்." அந்த 'டி' முதல் தடவையாக வந்தது, சின்னவளின் முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே கேக்கை மறுநாளே வெட்டலாம்க்கா" என்றாள். "ஒரு நாள் காத்திருந்தா நான் ஒண்ணும் தேய்ஞ்சுட மாட்டேன்."

அலைக்குளத்தில் இறங்கியதும் வாலு, சொன்னபடியே, சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பெரியவளுக்கு வயிற்றில் லேசாக ஓர் எரிச்சல் எட்டிப் பார்த்தது. அதே சமயம் தக்காளி தத்தளித்து வந்து, "பெரியம்மா, தூக்குங்க!" என்று இவள் தோளில் தொற்றினான். சின்னவளின் முகம் பொசுக்கென்று சுருங்கியது.

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெரியவள்தான் முதலில் சிரித்தாள். அலை வந்து காகிதக் கிரீடத்தை அடித்துக்கொண்டு போனபோதும் அவள் சிரிப்பு நிற்கவில்லை.