பதினோராவது படி

மண்டி மொஹல்லாச் சந்தில் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைக்குள் ஓடி ஒதுங்கிய தமிழ்ப்ரியா சடாரென்று திரும்ப, தோளில் தொங்கிய நீளப் பை பக்கத்தில் நின்றவனின் கிளாஸைத் தட்டிவிட்டது. டீ முழுக்க அவன் கையிலிருந்த வரைபடத்தின்மேல்!

“ஏனுங்க, பைக்குள்ள என்ன, கடப்பாரையா?”

“வாளு. ஃபென்சிங்... சாரி ரீ,” என்றாள், பாதி கன்னடத்தில்.

“வாளா! அப்ப நான் உசுரோட தப்பிச்சதே பெருசுங்க.”

சிரித்தான். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... சே, வாள்வீச்சில் மாநில சாம்பியன், ஒரு சிரிப்புக்கா தடுமாறுவது? பார்வையைத் தாழ்த்தினாள். நனைந்த தாளின் மூலையில் அவள் பெயர்! ஆர்க்கிடெக்டாக அவளே வரைந்த வீடு அது. இவன் அதைக் கட்ட ஹனூரிலிருந்து வந்திருக்கும் மேஸ்திரி உதயகுமாராம்.

“நீங்கதானா மேடம்? இந்த மாடிப்படி சரியில்லீங்க. பதினோராவது படியில பீம் தலையில முட்டும்.”

வந்ததே கோபம் அவளுக்கு! “என் டிராயிங்ல தப்பு வராது. இருக்கிறபடி கட்டுங்க, அஷ்டே, அவ்வளவுதான்!”

கட்டினான். அந்த இரண்டு மாதமும் அவள் தேவையே இல்லாமல் தினமும் சைட்டுக்குப் போனாள். அவனும் தேவையே இல்லாமல் தினமும் சந்தேகம் கேட்டான். அப்படியொரு சந்தோஷம், போங்கள்!

கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்று வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி மாடி ஏறினார். பதினோராவது படி... ணங்!

“என்னய்யா கட்டியிருக்க? உதயா, மூட்டையக் கட்டு! இன்னிக்கே ஊர் போய்ச் சேரு!”

உதயகுமார் அவளைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டான்.

வாள்வீச்சில், விளக்கு எரிந்து புள்ளி காட்டாத பயிற்சி ஆட்டத்தில், வாள் பட்டவரே கை தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை. ஆயிரம் தடவை தூக்கிய கை இன்றைக்குக் கனத்தது. அடிப்பாவி, அவன் போகிறான்... தூக்கடி!

தூக்கினாள்.

“சார், தப்பு என்னோடது. இவர் முதல் நாளே சொன்னாரு. நான்தான் திமிர்ல கேக்கல.”

நஞ்சுண்டசாமி நெற்றியைத் தேய்த்தபடி இருவரையும் முறைத்தார். “ரெண்டு பேருமாச் சேந்து சரி பண்ணித் தொலைங்க!” என்று கத்திவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

“உங்க பேரு கெட்டுப்போகுமுங்களே... ஏனுங்க சொன்னீங்க?” என்றான் உதயகுமார்.

“நீங்க ஏன் சொல்லல?”

“நீங்க தலை குனிஞ்சு நின்னா என்னால தாங்க முடியாதுங்க.”

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

“பேரு போனா போகட்டும் உதயா. நீங்க பஸ் ஏறியிருந்தா நான்தான் தாங்கியிருக்க மாட்டேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு... ரொம்ப.”

உதயகுமார் பையைக் கீழே வைத்தான். காதுவரை சிவந்துபோயிருந்தான்.

“இதைச் சொல்லோணும்னு ரெண்டு மாசமா ஒத்திகை பாத்துட்டிருந்தேனுங்க... இதுலயும் நீங்கதான் ஜெயிச்சீங்க!”