ஜமீன்தார் வைத்த ஓரடி

குற்றாலத்துச் சாலையில், பேரருவியின் இரைச்சல் முதன்முதலாகக் காதில் விழும் இடத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. அந்த மரத்தில் ஜமீன்தார் இருந்தார்.

ஜமீன்தார் ஒரு குரங்கு. அவரது இடது காதில் ஒரு துண்டு இருக்காது. யாராவது வந்தால் மெல்ல இறங்கி, சாலை நடுவே உட்கார்ந்து, வயிற்றைச் சொறிந்துகொள்வார். அதனால்தான் அந்தப் பெயர்.

மேலகரத்துச் சந்தனமாரிக்குப் பத்து வயது. அவள் அப்பா சங்கரபாண்டி குதிரை வண்டி ஓட்டினார். தென்காசி ரயிலடியில் இறங்குகிறவர்களை அருவிக்குக் கொண்டுவந்து விடுவார். பகல் பன்னிரண்டு மணிக்குக் குற்றாலம் வண்டிப்பேட்டையில் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி ரயிலுக்கு மறுபடியும் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும்வரை தூக்குவாளியில் சோறு கொண்டுபோவது சந்தனமாரியின் வேலை.

நாலு நாளுக்கு முன்னால் ஜமீன்தார் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்குத் தப்பித்தாள். மறுநாளிலிருந்து சாலையை விட்டு இறங்கி, வரப்பு வழியாகச் சுற்றிப் போனாள்.

சுற்றுவழியில் குரங்கு இல்லை. ஆனால் அவள் போய்ச் சேரும்போது அப்பாவின் வண்டியும் இருக்காது. வேறொரு வண்டிக்காரரிடம் வாளியைக் கொடுத்துவிட்டு வருவாள். அப்பா திரும்பிவந்து சாப்பிட மணி நாலாகிவிடும்.

“ஏம்ளா நேரமாகுது?” என்று அப்பா கேட்டார்.

“அம்மா சோறு வடிக்க நேரமாயிட்டு” என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பொய் வீட்டுக்கு வந்தது.

“அடுப்பைக் கொஞ்சம் முந்திப் பத்தவைக்கக் கூடாதா?” என்றார் அப்பா. “குதிரை கொள்ளு தின்னுது. நான் அது வாயைப் பாத்துக்கிட்டு நிக்கேன்.”

அம்மா மூக்கம்மாளுக்குக் கோபம் வந்தது. “பத்து மணிக்கே சோத்தை இறக்கிட்டேன். நீங்க எங்கன போய் ஒக்காந்திருந்தியளோ.”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியும் முன்பே அம்மா அடுப்பை மூட்டினாள். சாரலில் நனைந்த விறகு. ஊதி ஊதி அவள் கண் சிவந்துவிட்டது. சந்தனமாரி இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கே வாளி கைக்கு வந்துவிட்டது. வரப்பில் இறங்கப் போனவள் நின்றாள். நேரம்தான் நிறைய இருக்கிறதே, இந்த ஜமீன்தார் என்னதான் செய்கிறார் என்று பார்த்தால் என்ன?

மரத்துக்கு ஐம்பது அடி முன்னால் பரீதின் கடலைக்கடை இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் ஒருவர் வாழைப்பழச் சீப்பைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். ஜமீன்தார் ஓரடி முன்னால் வைத்து நின்றார். வந்தவர் ஓரடி பின்வாங்கினார். ஜமீன்தார் மூன்றடி வைத்தார். வந்தவர் ஓடினார். பழம் போயிற்று, துண்டும் போயிற்று.

அடுத்து ஒரு வெள்ளைக்காரத் துரை, கையில் பிஸ்கட் டப்பாவோடு. மறுபடியும் ஓரடி. துரையும் பின்வாங்கினார். டப்பா தப்பியது, தொப்பி மரத்தில் ஏறிவிட்டது.

பிறகு தலையில் பலாச்சுளைக் கூடையோடு ஒரு அம்மாள், பின்னால் வந்த மகனைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஜமீன்தார் ஓரடி வைத்தார். அவளோ பாதி வசவில் இருந்தாள். நிற்கவும் இல்லை, விலகவும் இல்லை. ஜமீன்தார் வானத்தைப் பார்த்து வயிற்றைச் சொறிந்தார்.

சந்தனமாரி எழுந்து நின்றாள். “அண்ணாச்சி, அது எப்பவும் முதல்ல ஓரடிதான் வைக்குது, பாத்தியளா?”

“அது எத்தனை அடி வச்சா எனக்கென்ன? என் கடலையில கைவைக்காம இருந்தாச் சரி” என்றார் பரீது.

“வச்சிட்டு நிக்குது அண்ணாச்சி. தருவியான்னு கேக்குது. நாம பின்னால போனா, தருவேன்னு சொன்ன மாதிரி.”

“அப்போ நீ என்ன சொல்லப் போற?”

“தரமாட்டேன்னு. அதைக் காலாலதான் சொல்லணும்.”

வாளியைக் கடையில் வைத்துவிட்டு, கடலை போடும் ஓலைக்கொட்டான் ஒன்றை வெறுமையாக வாங்கிக்கொண்டு போனாள். ஜமீன்தார் ஓரடி வைத்தார். சந்தனமாரியின் குதிகால் அவளைக் கேட்காமலே பின்னால் போயிற்று. அவ்வளவுதான், கொட்டான் மரத்துக்குப் போய்விட்டது.

“தருவேன்னு சொல்லிட்ட போலிருக்கே” என்று பரீது சிரித்தார்.

“நான் சொல்லல. குதிகால்தான் சொல்லிட்டு.”

அவள் யோசித்தாள். உடம்பின் பாரம் பின்னால் இருப்பதால்தானே குதிகால் பின்னால் போகிறது? பாரத்தை முன்னங்காலில் போட்டால்?

இன்னொரு கொட்டானோடு போனாள். இந்தத் தடவை வலது காலை முன்னால் ஊன்றி நின்றாள். ஜமீன்தார் ஓரடி வைத்தார். பல்லைக் காட்டினார். சந்தனமாரி மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணியபோது அவர் வேறெங்கோ பார்த்து வயிற்றைச் சொறிந்தார். அவள் நடந்தாள். அவர் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டார்.

திரும்பி வந்து தூக்குவாளியை எடுத்தாள். அதோடு போகும்போது ஒன்பது வரைக்கும் எண்ண வேண்டியிருந்தது.

அப்பா வண்டிப்பேட்டையில்தான் இருந்தார். வாளியைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார். “இன்னைக்கு ஒங்க அம்மா சீக்கிரம் வடிச்சிட்டா.”

அதோடு விட்டிருக்கலாம். இனி சோறு நேரத்துக்கு வரும், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அம்மாவின் சிவந்த கண் நினைவுக்கு வந்தது.

“அம்மா ஒருநாளும் நேரங்கழிச்சு வடிக்கலப்பா. நான் குரங்குக்குப் பயந்து சுத்திப் போனேன். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அப்பாவின் கை பாதியில் நின்றது.

“நேத்து நான் அவள என்னெல்லாம் சொல்லிட்டேன்” என்றார். மீதியைச் சாப்பிட்டு, கையைக் கழுவினார். “வண்டில ஏறு.”

“ரயிலுக்கு நேரமாயிராதா?”

“தென்காசி போற வழியிலதானே மேலகரம் இருக்கு.”

வண்டி உருண்டது. “அம்மா என்ன செய்வா?” என்று சந்தனமாரி கேட்டாள்.

“ஒண்ணு, பேசவே மாட்டா. இல்லன்னா ரொம்பப் பேசுவா.”

“ரெண்டுல எது மோசம்?”

“பதிமூணு வருசமா எனக்கும் தெரியல.”

வீடு தெரிந்தது. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பா கடிவாளத்தை மெதுவாக இழுத்து, குதிரையின் ஓட்டத்தைத் தேவைக்கு மேல் குறைத்தார்.

வண்டி நிற்பதற்கு முன்பே சந்தனமாரி குதித்து இறங்கி அம்மாவிடம் நடந்தாள்.