வாசல் கேமரா மட்டும் நின்றது

நூல் மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார் சௌந்தரபாண்டியன்.

பின்மண்டையில் அடி. பக்கத்தில் ரத்தம் பூசிய எடைக்கல்.

அருப்புக்கோட்டைத் தறிகளில் பாதிக்கு அவர் கடை நூல்தான். இப்போது அவர் மேல் ஈ!

எஸ்.ஐ. சத்யபிரியா வீட்டை ஒட்டியிருந்த குடோனின் கதவில் சாய்ந்து கொட்டாவியை விழுங்கினாள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பந்தோபஸ்து. ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை.

போன் அலறியது. இன்ஸ்பெக்டர்!

"என்னம்மா இழுக்குற? மாரிச்செல்வம்தான். சாயங்காலம் ரிமாண்டுக்கு அனுப்பணும்."

"அதுவரைக்கும் விடுங்க சார்... பாத்துடுறேன்."

மாரிச்செல்வம் லோடு இறக்குபவன். வீடு, ஆபீஸ், குடோன் மூன்றுக்கும் ஒரே வாசல். காலையில் அவன் மூட்டையோடு நுழைவது வாசல் கேமராவில் இருக்கிறது. அப்புறம் படம் அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி ஓடும்போது அவன் இல்லை.

குடோனில் பிணம்!

"மூட்டைய முத்தத்துல போட்டுட்டு அப்பவே போயிட்டேன் மேடம். ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு..." ஸ்டேஷனில் அழுதுகொண்டிருந்தான். அவன் வெளியே போனதற்கு இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கேமரா.

ஆபீஸ் அறையில் இறந்தவரின் தம்பி நவநீதகிருஷ்ணன் வியர்த்துக்கொண்டிருந்தான். கேமராக்களை மாட்டியவன் அவன்தான்.

"கரண்டு போச்சா?"

"இல்ல மேடம்."

"வைஃபை?"

"அதுவும் போகல. இந்தா, இந்த ரூம் கேமரா ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு!"

ஓடியிருந்தது. அவன் பில் போட்டுக்கொண்டே இருந்தான். நாற்காலியை விட்டு எழவேயில்லை.

போச்சு. சந்தேகப்பட இருந்த ஆளும் போனான்.

"ஒரே வைஃபை. ஒரு கேமரா செத்துச்சு, ஒண்ணு பொழச்சிக்கிச்சு. எப்பிடி மேடம்?" என்றார் ஏட்டு தங்கசாமி.

சத்யபிரியா கண்களைத் தேய்த்துக்கொண்டாள். கல்லூரியில் படித்த பிசிக்ஸ் எங்கேயோ இருமியது.

"வைஃபைல நாலு, அஞ்சு, ஆறுன்னு தலைமுறை இருக்கு ஏட்டையா. இந்த ரூம் கேமரா புதுசு. அஞ்சு கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. வேகம் ஜாஸ்தி. ஆனா சொவத்தைக் கண்டா சுருண்டுரும்."

"வாசல்ல உள்ளது?"

"நாலாம் தலைமுறை. ரெண்டு புள்ளி நாலு. மெதுவாத்தான் போகும். ஆனா சொவரு தாண்டிப் போகும்."

"நம்மள மாதிரி பழைய ஆளு!"

"அந்தப் பாதைல ஒரே நெரிசல் ஏட்டையா. ப்ளூடூத்து அங்கதான். பக்கத்து வீட்டு வைஃபையும் அங்கதான். அப்புறம்..."

நிறுத்தினாள்.

"ரூட்டர் எங்க இருக்கு?"

"இந்தப் பக்கத்து அடுப்படிச் சொவத்துல மேடம்" என்றான் நவநீதகிருஷ்ணன்.

அடுப்படியில் முத்துமாரியம்மாள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். சௌந்தரபாண்டியனின் மனைவி. மஞ்சள் புடவை. அழுது வீங்கிய முகம்.

ரூட்டருக்கு நேர் கீழே... மைக்ரோவேவ் ஓவன்!

சத்யபிரியா அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துத் திருகினாள்.

"ஏட்டையா! வாசல்ல நின்னு கையை ஆட்டுங்க!"

நவநீதகிருஷ்ணனின் போனில் தங்கசாமியின் கை பாதி உயரத்தில் உறைந்து நின்றது. ஆபீஸ் அறைப் படத்தில் மின்விசிறி ஜாலியாகச் சுற்றியது.

"ஓவனும் வாசல் கேமராவும் ஒரே அலைவரிசை" என்றாள் சத்யபிரியா. பிறகு மெல்லக் கேட்டாள். "காலைல பாலு, சாம்பாரு எதுவும் இதுல சுட வச்சீங்களாக்கா? வச்சிருந்தா சொல்லிடுங்க. நான் கெளம்பிடுறேன்."

முத்துமாரியம்மாள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்கேன்! விரதத்துல பழசைச் சுட வைப்பாகளா? அன்னன்னைக்கு ஆக்கித் திங்கிற வீடு இது!"

"வேற யாரும் அடுப்படிக்கு வந்தாகளா?"

"தலைக்கு ஊத்திக் குளிக்காத ஆள உள்ள விடுவேனா? நான் மட்டுந்தான் இருந்தேன்."

"அப்ப ஓவனைப் போட்டது நீங்கதான்... எதையும் சுட வைக்க இல்ல, கேமராவ நிறுத்த."

முத்துமாரியம்மாள் மணிக்கட்டுக் காப்பைத் திருகினாள்.



"வாசலத் தாண்டுனா போதும், உடனே அவுககிட்ட இருந்து போனு. 'எங்கடி போற?' எந்நேரமும் கேமராவுல என்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக. ஓவன் போட்டா படம் நிக்குதுன்னு அவுகதான் ஒரு நாள் வஞ்சாக. அதுல இருந்து... வெறுந்தண்ணிய உள்ள வச்சிட்டு தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வருவேன். சும்மாத்தான். காத்து வாங்க."

"இன்னைக்கு?"

"திரும்பி வாரேன்... என்னையப் பிடிக்க குடோன்ல ஒளிஞ்சு நிக்கிறாக. 'இனிமே அடுப்படிக்குள்ளயும் ஒரு கேமரா மாட்டுறேண்டி'ன்னு சிரிச்சாக..."

கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"எடைக்கல்லு பக்கத்துலதான் இருந்துச்சு."

சத்யபிரியாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. இன்னும் கொஞ்சம் களைப்பாக இருந்தது. அவ்வளவுதான். போனை எடுத்தாள்.

"சார்... மாரிச்செல்வத்தை வீட்டுக்கு அனுப்பிருங்க."

முத்துமாரியம்மாளை மகளிர் போலீஸ் அழைத்துப் போனார்கள். தங்கசாமி ஜீப்பைக் கிளப்பினார்.

"பாலு சுட வச்சேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாகளே மேடம்! ஏன் சொல்லல?"

"விரதம் ஏட்டையா..."

"அடேங்கப்பா! கொலைய விரதம் தாங்குமாம்... பழைய சாம்பாரைத் தாங்காதாமா?"