மாடம் முங்காத வெள்ளம்

"ஏட்டி, மண்டபத்துல தண்ணி இறங்குதாம்! பெறகு எதுக்கு நாங்க கரையேறணும்?"

கைப்பேசியில் அண்ணன் சுயம்பு போட்ட சத்தத்தில் பேச்சித்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. அவள் நின்றது செங்காணி ஆற்றின் இரண்டாம் பாலத்தில். அவன் இருந்ததோ மூன்றாம் பாலத்துக்கும் கீழே, நட்டாற்றில் கிடக்கும் வாழைத்திட்டில். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாழைத்தார் வெட்ட ஊர் ஆட்கள் ஒரு கூட்டமே அவனோடு போயிருந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளம் என்றால் ஒரே சாட்சிதான். மேலே முதல் பாலத்தை ஒட்டி, ஆற்றுக்குள் நிற்கிற கல்மண்டபம். அதன் தூணில் ஒரு விளக்கு மாடம். மாடம் தண்ணீரில் முங்கினால் திட்டைக் காலி செய்வார்கள். முங்கவில்லையா? வானமே இடிந்து விழுந்தாலும் அரிவாளைக் கீழே வைக்க மாட்டார்கள். அவ்வளவு அழுத்தக்காரர்கள்!

"அங்க இறங்குன தண்ணி எங்கண்ணே போவும்? உங்ககிட்டதான வருது! நான் சொல்லுதத..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். டவரே இல்லை.

"போச்சு! ஏறு பைக்குல!" என்றான் அந்தோணி.

இருவரும் ஆற்று அளவை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். காலையில் வெள்ளத்தின் உச்சம் முதல் பாலத்தைக் கடந்தபோதே அளந்துவிட்டார்கள். சிவப்புத் துணி கட்டிய தேங்காயை எறிந்து அது ஓடும் வேகத்தைப் பார்ப்பது. இரும்புக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது. இரண்டையும் ஆற்றின் அகலத்தோடு பெருக்கினால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு அதே வெள்ளத்தை முந்திக்கொண்டு அடுத்த பாலத்துக்கு ஓட்டம். போகப் போகப் பரவித் தணியும் என்றுதான் நினைத்திருந்தார்கள். இரண்டாம் பாலத்தில் கணக்குப் போட்டதும் அவள் மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள். முதல் பாலத்தில் ஓடியதைப்போல ஒன்றரை மடங்கு! வழியிலிருந்த குளங்களெல்லாம் நிரம்பி மறுகால் பாய்ந்து ஆற்றில் கொட்டியிருந்தன.

"திட்டுக்கு மேல ஆத்துல விழுற குத்தோடை இன்னும் இதுல சேரல அந்தோணி. அதையும் அளக்கணும்."

"உனக்கென்ன கிறுக்கா? நேரே திட்டுக்குப் போவோம்!"

"வெறுங்கையோட போனா எங்கண்ணன் அசைய மாட்டான். கணக்கோட போனாத்தான் பேச முடியும்."

குத்தோடையின் தரைப்பாலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புரண்டு ஓடியது. பேச்சித்தாய் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மறுமுனையைப் புளியமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டான் அந்தோணி. தேங்காயை எறிந்தாள். எறிந்த வேகத்தில் அது கண்ணை விட்டு மறைந்தது! பாலத்தின் விளிம்பிலிருந்து குண்டை இறக்கி ஆழத்தைப் பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு முள்மரம் மிதந்து வந்து கயிற்றில் மாட்டி இழுத்தது. கால் பறிந்தது. அலற வாய் திறந்ததுமே செம்மண் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

"குண்ட விட்டுரு பேச்சி! விட்டுத் தொலை!"

விட்டாள். அந்தோணி உள்ளங்கை கிழியக் கிழிய அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டான். இருமிக்கொண்டே விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். முதல் பாலத்தில் பார்த்த அதே அளவு வெள்ளம் இந்த ஓடையில் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது! அப்படியானால் திட்டுக்குப் போய்ச் சேரப்போவது அதைப்போல இரண்டரை மடங்கு. அண்ணன் முகம் கண்ணில் வந்து நின்றது. எழுந்து பைக்குக்கு ஓடினாள்.

திட்டுக்குப் போக ஒரே வழி தென்னந்தடிப் பாலம். அவர்கள் போனபோது தண்ணீர் தடிகளை நக்கிக்கொண்டிருந்தது. அந்தோணி கரையில் கயிற்றோடு நிற்க, பேச்சித்தாய் தவழ்ந்தே கடந்தாள்.

"அண்ணே! ரெண்டரை மடங்கு வருது! எல்லாரும் கெளம்புங்க!"

சுயம்பு தாரைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "என்னத்துல ரெண்டரை? நீ படிச்ச கணக்கெல்லாம் இருக்கட்டும் தாயி. மாடம் முங்கிச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த கணக்கு இங்கே செல்லாக்காசு! மேலே, குத்தோடைப் பக்கம், ஒரு இரைச்சல் கிளம்பிவிட்டது. அளவு விஷயத்தில் அதுவரை பொய்யே சொல்லாதவள் அண்ணனின் கண்ணைப் பார்த்துக் கத்தினாள்.

"முங்கிட்டு! மறுபடியும் ஏறி மாடம் முங்கிட்டு! நானே பாத்தேன்!"

தார்கள் தொப்தொப்பென்று விழுந்தன. "ஐயோ, ஓடுங்கடே!" ஒருவர் பின் ஒருவராகத் தடிப்பாலத்தில் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாகத் தங்கையை முன்னால் தள்ளிவிட்டு வந்தான் சுயம்பு. அவன் பாதி வழியில் இருக்கும்போது தடிகள் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போயின!

"அண்ணே! கயிறு!"

அந்தோணி வீசிய கயிறு அவன் கையில் சிக்கியது. கரையேறிய அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அவனை மேலே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், திட்டு இல்லை. வாழைக் கொண்டை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. பேச்சித்தாய் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஊரே அவளைக் கொண்டாடியது. வெள்ளம் வடிந்ததும் சுயம்பு நன்றிக்கடனாக விளக்கேற்ற மண்டபத்துக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். விரல்களில் காய்ந்த கரி.

"மாடத்துல பழைய ஒட்டடை அப்படியே இருக்குட்டி. ஈரமே படல. அன்னிக்கு நீ சொன்னது பொய்யா?"

"மாடம் பொய்ண்ணே. தண்ணி நிசம்."

சுயம்பு அப்படியே உட்கார்ந்தான். கரியை வேட்டியில் துடைத்தான். ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஆறு முழுவதையும் அறிந்துவிட்டதாக நினைத்தது அவனைச் சுட்டிருக்க வேண்டும்.

"அந்த ரெண்டரைய எப்படிட்டி கண்டுபிடிச்ச?" என்று மெதுவாகக் கேட்டான்.

பேச்சித்தாய் உள்ளே போய், சிவப்புத் துணி கட்டிய தேங்காய் ஒன்றை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"வாண்ணே. குத்தோடையில இருந்து அளக்க ஆரம்பிப்போம்."