சாயத்தை மட்டும்

நொய்யலில் கெண்டை துள்ளுகிறது. சாயப்பட்டறைக் கழிவால் சிவப்பும் ஊதாவுமாக நுரைத்துக் கிடந்த ஆறா இது என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எல்லாம் வாணித்தூளின் வேலை. கோகிலவாணி கண்டுபிடித்ததால் ஊரார் அதற்கு வைத்த பெயர் அது.

முதலில் அது வெறும் துத்தநாக ஆக்சைடு நுண்துகள்தான். வெயில் பட்டால் சாயத்தைச் சிதைக்கும், மேகம் மூடினால் தூங்கிவிடும். வாணி விடுவாளா? வெள்ளி சேர்த்தாள், துகளை இன்னும் பொடியாக்கினாள். தெருவிளக்கு வெளிச்சமே அதற்குப் போதும் என்றானது. பொடி வடிகட்டியில் சிக்காமல் குழாய்த் தண்ணீரிலும் வந்தது. சனங்கள் பயந்தபோது, கூட்டத்தின் நடுவே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துக் காட்டினாள்.

"சாயத்தைத் தவிர வேற எதையும் இது தொடாதுங்க" என்றாள். சத்தியமான பேச்சு அது.

பிறகு ஊருக்கு இன்னொரு நல்ல காலம் வந்தது. மருத்துவமனையிலிருந்த கிருமிகாணி எந்திரம், யார் சளியைக் கொடுத்தாலும் காசநோய் இல்லை என்றது. ஆறு தெளிந்ததும் நோயும் ஓடிவிட்டது என்று வாணிக்கு மாலை போட்டார்கள். அவளும் கழுத்தை நீட்டினாள்.

அவள் கணவன் பூபதியோ இருமிக்கொண்டே இருந்தான். "எந்திரமே இல்லைங்குது. பீடியை விட்டாத்தானே!" என்று எரிந்து விழுவாள். இன்று காலை அவன் துண்டில் ரத்தம். அவனை மருத்துவமனைக்கு இழுத்துவந்தாள். எந்திரம் மறுபடியும் இல்லை என்றது.

"ரெஜினா, நான் என் கண்ணால பாக்கோணும்" என்றாள் ஆய்வகப் பெண்ணிடம்.

முறை பழையதுதான். சளியைக் கண்ணாடியில் தடவி, கிருமிக்குச் சிவப்புச் சாயமும் சுற்றிலும் நீலச் சாயமும் ஏற்றி, கழுவி, நுண்ணோக்கியில் விளக்கின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் நோய்.

வாணி குனிந்தாள். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள், கொத்துக் கொத்தாக.

"ஐயோ, இருக்குதே!"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளிறியது. குச்சிகளும் மங்கி மறைந்தன.

"இப்ப வர்ற சாயம் மட்டமான சரக்குங்க மேடம்" என்றாள் ரெஜினா. "நாங்க எங்க கண்ணால பாக்கறோம்? எந்திரத்துல அடுக்கறதோட சரி. அது விளக்கு மேலேயே வெச்சு, நிதானமா ஒவ்வொண்ணாப் பாத்துக்கும்."

வாணி நிமிர்ந்தாள். நிறம் இப்படிப் போவது அவளுக்குத் தெரியாததா? தூளைச் சோதித்ததே இந்த நீலச் சாயத்தில்தான். அது வெளிறிய ஒவ்வொரு தடவையும் கைதட்டியிருக்கிறாள்.

"எந்தத் தண்ணியில கழுவுறீங்க?"

"குழாய்த் தண்ணிதான். முந்தி காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்குவோம். செம்புத் தண்ணி குடிச்ச கூட்டத்துல நீங்கதானே மேடம், நம்ம ஆத்தை நாமளே நம்பாட்டி எப்படீன்னு கேட்டீங்க? அன்னைக்கே நிறுத்திட்டோம்."

"அப்ப இத்தனை நாளா இல்லைன்னு அனுப்பினவங்க?"

ரெஜினாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாணி வெளியே ஓடினாள். பெஞ்சு நிறைய சனம், ஆளுக்கொரு இருமல். பூபதி பக்கத்திலிருந்தவளின் கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

"நாந்தான் சொன்னேனே வாணி, ஒண்ணுமில்லைன்னு?" என்று சிரித்தான்.

அவள் குழந்தையை வெடுக்கென்று பிடுங்கினாள். அது வீரிட்டது.

"எதுக்குங்க இப்படிப் பதர்றீங்க?" என்றாள் தாய். "நம்மூர்லதான் அந்த நோயே இல்லையே. நீங்க ஒழிச்சதுதானுங்களே!"

சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து இருமினாள்.