ஆளில்லாத மாடியின் புகார்

ஏசியை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகு, குளிர் தாங்கவில்லை என்று ஒரு புகார் வந்தது.

சுகிர்தா அப்போதுதான் ஹெல்ப்டெஸ்க் மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் அந்தத் தெருவில் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வாசலில் உடைத்த பூசணிக்காய் மழையில் ஊறிப்போய், அதற்குள் கொட்டிய குங்குமம் கரைந்து, சிமெண்டுத் தரையில் சிவப்பாக வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மதியம்தான் ஆகியிருந்தது, ஆனால் வடக்கே ஆரம்பாக்கம் பக்கமிருந்து ஏறி வந்த மேகம் வெளிச்சத்தை மொத்தமாகக் குடித்துவிட்டு, கண்ணாடி வாசலுக்கு வெளியே எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்தது. அந்தப் பெரிய வளாகத்தில் அன்று மூன்று பேர்தான் இருந்தார்கள். ஃபெசிலிட்டி மேனேஜர் சுகிர்தா, எலெக்ட்ரீஷியன் தணிகைவேல், கேட்டில் செக்யூரிட்டி தானியேல்.

போன் அடித்தது.

"ஹெல்ப்டெஸ்க். சொல்லுங்க."

"இங்க ரொம்பக் குளிருது." பெண் குரல். மரியாதையான, களைத்துப்போன குரல். "ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்றீங்களா?"

"எங்கேர்ந்து பேசுறீங்க?"

"ரெண்டாவது மாடி. ஜன்னல் பக்கம்."

வைத்துவிட்டார்கள். போனின் சின்னத் திரையில் இரண்டாம் மாடியின் எண் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த மாடியைக் காலி செய்து மாதங்கள் ஆகிவிட்டன. மேசைகளைக் காயலான் கடைக்காரர் எடுத்துப் போயிருந்தார். போன்களைக் கழற்றி, ஒயர்களைச் சுருட்டி, பெட்டியில் போட்டுப் பூட்டியவள் சுகிர்தாவேதான்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். இது யார் வேலை என்று தெரியும் என நினைத்தாள்.

தணிகைவேலுக்குப் பெரியபாளையம் பக்கம் சொந்த ஊர், சொந்த நெல் நிலம். இந்தக் கட்டடத்தில் முதல் ஒயர் இழுத்த நாளிலிருந்து இருக்கிறவர். மேனேஜர் வேலை தனக்குத்தான் என்று நம்பியிருந்தவர். அந்த நாற்காலியில், அத்திப்பட்டிலிருந்து, கூலிக்காரர்கள் தெருவிலிருந்து, ஒரு பெண் வந்து உட்கார்ந்ததை அவரால் விழுங்க முடியவில்லை. முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லமாட்டார். 'மேடம்' என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லில் ஒரு கல்லை வைத்து எறிவார். அவள் ஊற்றிக் கொடுக்கும் டீ மட்டும் எப்போதும் ஆறிப்போய் மேசையிலேயே இருக்கும்.

அவள் ஒன்றும் குறுக்கு வழியில் வந்துவிடவில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு, வேறெதுவும் கிடைக்காமல், வேறொரு கம்பெனியில் துடைப்பம் பிடிக்கிறவர்களை மேய்க்கும் சூப்பர்வைசராக ஆரம்பித்தாள். பிறகு போனில் புகார் எழுதிக்கொள்ளும் ஹெல்ப்டெஸ்க். மற்ற பெண்கள் மாலை வண்டி பிடித்து வீட்டுக்குப் போனபோது அவள் ஜெனரேட்டர் அறையிலும் பம்ப் அறையிலும் போய் நின்று, 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகாமல் தீயணைப்புப் பாதுகாப்புக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கினாள். அம்மா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வேலைக்கான இண்டர்வியூவில், "கட்டடத்துல பிரச்சினைன்னு மொதல்ல எதை வெச்சுக் கண்டுபிடிப்ப?" என்று கேட்டார்கள். "சத்தத்த வெச்சு" என்றாள். வேலை கிடைத்தது.

அந்தக் காது இப்போது ஏதோ சொல்லிற்று.

ஏசி நின்ற கட்டடத்துக்கு என்று ஒரு அமைதி உண்டு. பேட்டரி அறையின் சன்னமான ரீங்காரம், குழாயில் இறங்கும் மழைத்தண்ணீரின் களகளப்பு, எங்கோ காற்றில் ஒரு தகரம் முனகுவது. இவை எல்லாம் இருந்தன. இவற்றுக்கு அடியில், தலைக்கு மேல், ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளே, பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல, ஏசிக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். காற்று வரும் ஜாலியிலிருந்து குளிர் இறங்கி அவள் நெற்றியைத் தொட்டது. அதில் சேற்று வாடை. வற்றிய ஏரியின் அடியைக் கிளறினால் வருமே, அந்த வாடை.

பம்ப் அறையில் தணிகைவேல் பெஞ்சில் சாய்ந்து மொபைலில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏசிய திரும்பப் போட்டீங்களாண்ணே?"

"நானா? நீங்கதான காலைல நிறுத்தச் சொன்னீங்க." அவர் எழுந்திருக்கவில்லை. "மெயினையே எறக்கி உட்டுகீறேன். சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துக்கோங்க."

பார்த்தாள். சுவிட்ச் கீழேதான் இருந்தது. பூட்டும் போட்டிருந்தது.

"ரெண்டாவது மாடிலேர்ந்து போன் வந்துச்சு. பொம்பள கொரல். இந்த வெளையாட்டெல்லாம் என்கிட்ட வேணாம்."

தணிகைவேல் பாட்டை நிறுத்தினார். "இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க? நான் பொம்பள கொரல்ல பேசினனா? சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்."

முன்கூடத்தில் போன் மறுபடி அடித்தது. அவள் எதிரில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்; அவர் மொபைல் அவர் கையில் இருக்கிறது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளை முந்திக்கொண்டு நடந்துபோய் அவரே எடுத்தார். "யாருய்யா அது?" என்று அதட்டினார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக வைத்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஆளனுப்பச் சொல்லுது." அவர் குரலிலிருந்த கல் காணாமல் போயிருந்தது. அது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எவனோ உள்ள பூந்துகீறான். ஒயர் திருட வந்த பசங்களா இருக்கும். நான் போய்ப் பாக்கிறேன்."

"நானும் வரேன்."

"நீங்க கீழயே இருங்க. பொம்பளைய இட்டுக்கினு போயி நான் எங்க அவனுங்கள புடிக்கிறது?"

டார்ச்சையும் வாக்கி டாக்கியையும் எடுத்துக்கொண்டு படியேறினார். அவருடைய ரப்பர் செருப்பின் ஓசை முதல் மாடியைத் தாண்டியது, திரும்பியது, தேய்ந்தது. சுகிர்தா தன் வாக்கி டாக்கியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாலியிலிருந்து இறங்கிய குளிரில் சாப்பாட்டு டப்பாவில் குழம்பின் மேல் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

கரகரப்பு. "மேல வந்துட்டேன்."

"யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தனும் இல்ல. ஆனா ஐஸ் பொட்டிக்குள்ள பூந்தாப்ல கீது." மூச்சு. "மேடம், இந்த சேரெல்லாம் யாரு கொணாந்து போட்டது?"

"எந்த சேரு? அங்க ஒரு சேரும் இல்லண்ணே."

"வரிசையா போட்டுகீது. எல்லாம் ஜன்னலப் பாத்துகினு." அவர் நடப்பது கேட்டது. ஈரத்தில் செருப்பு ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம். பிறகு நின்றது. பிறகு, பழைய எரிச்சலோடு, கிட்டத்தட்ட ஆறுதலோடு, அவர் குரல் வந்தது. "கீழயே இருங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்களா? எப்ப மேல வந்தீங்க?"

சுகிர்தா பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணே. நான் கீழதான் நிக்கிறேன்."

"ஜன்னலாண்ட திரும்பி நின்னுகினு இன்னா பண்றீங்க? மேடம்... இங்க பாருங்க."

"அது நான் இல்லண்ணே! எறங்கி வாங்க! ஓடி வாங்க!"

வாக்கி டாக்கியின் பொத்தானை அவர் அழுத்தியபடியே இருந்தார். அதனால் எல்லாம் கேட்டது. மழை. காற்று. பிறகு கொஞ்ச தூரத்திலிருந்து ஒரு பெண் குரல். சுகிர்தாவின் குரலேதான். தினமும் அவள் அவரிடம் எந்தத் தொனியில் பேசுவாளோ, அதே பொறுமையான தொனியில்.

"உக்காருங்கண்ணே."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் கண்ணாடி வாசலுக்கு ஓடினாள். கதவு திறந்துதான் இருந்தது. முற்றத்துக்கு அப்பால், மழைத்திரைக்குப் பின்னால், கேட் அறையில் தானியேலின் காக்கி முதுகு தெரிந்தது. "தானியேலண்ணே!" என்று கத்தினாள். தகரக் கூரையில் கொட்டிய மழை அந்தக் குரலை அப்படியே அமுக்கியது. இருபது எட்டு ஓடினால் போதும். ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். மழை சுடச்சுட இருப்பதுபோல் பட்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேடம்." தணிகைவேல்தான். நாக்கு குளறிற்று. "நீங்க சொன்னீங்கன்னு உக்காந்துட்டேன். எழுந்துக்க முடியல. கொஞ்சம் வாங்களேன். சுகிர்தா... வாம்மா."

இதுவரை ஒரு நாளும் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு உதவியும் கேட்டதில்லை. அவள் செத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற ஒரு உயிர் அவள் பொறுப்பு. அந்த வேலைக்குத்தான் அவள் இத்தனை வருஷம் முட்டி மோதி வந்திருக்கிறாள்.

வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பம்ப் அறையிலிருந்து ஒரு இரும்பு ஸ்பானரை எடுத்தாள். படியேறினாள்.

முதல் மாடி வரை பழகிய படிகள்தான். அதன் பிறகு கைப்பிடி ஈரமாக இருந்தது. அதற்கும் பிறகு ஈரம் இறுகி, கையை எடுக்கும்போது தோலைப் பிடித்து இழுத்தது. சேற்று வாடை மூக்கில் ஏறி நாக்கில் படிந்தது. அவள் மூச்சு அவளுக்கு முன்னால் புகையாக நின்றது.

"இயேசப்பா," என்றாள். "இயேசப்பா."

கதவு.

தள்ளினாள்.

நாற்காலிகள். அவர் சொன்னது போலவே. வரிசை வரிசையாக, ஜன்னலைப் பார்த்தபடி. ஆனால் அவர் சொல்லாத ஒன்று இருந்தது. அவை காலியாக இல்லை.

பின்னந்தலைகள். எண்ணெய் வைத்துப் படிய வாரியது. நரைத்தது. ஹவுஸ்கீப்பிங் பெண்களின் வலைக் கொண்டை. டை கட்டிய ஒரு கழுத்து. செக்யூரிட்டித் தொப்பி. யாரும் அசையவில்லை. யாருக்கும் மூச்சுப் புகை வரவில்லை. வெளியே போகும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் அவர்கள் தோள்கள் மேல் பாசி போலப் படர்ந்திருந்தது.

கடைசி வரிசையில் தணிகைவேல்.

தோளைத் தொட்டாள். இரும்பு. குளிர்ந்த இரும்பு. பிடித்து இழுத்தாள். நாற்காலியும் சக்கரங்களில் உருண்டு சேர்ந்து வந்தது. கைகள் நாற்காலியின் கைகளோடு ஒட்டியிருந்தன. எங்கே தோல் முடிகிறது, எங்கே பிளாஸ்டிக் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. முகத்தில் கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவை அவளைப் பார்த்தன. அவை குழம்பின.

"இப்பதான..." உதடு அசையாமல் குரல் வந்தது. "இப்பதான எறங்கிப் போனீங்க."

"யாரு?"

"நீங்க."

அவருடைய கண்கள் ஜன்னல் பக்கம் போயின. அவளும் பார்த்தாள்.

கீழே, முற்றத்தில், மழையில் ஒருத்தி நடந்துபோய்க்கொண்டிருந்தாள். இவள் போட்டிருந்த அதே மயில்நீலச் சுடிதார். அதே பின்னல். கழுத்தில் ஆடும் அதே அடையாள அட்டை. சுகிர்தாவின் கை தன் கழுத்துக்குப் போனது. அங்கே நாடா இல்லை.

ஜன்னலுக்குப் பாய்ந்தாள். திறக்காத ஜன்னல், தடித்த கண்ணாடி. ஸ்பானரால் அடித்தாள். இன்னொரு அடி. "தானியேலண்ணே! இங்க! மேல பாருங்கண்ணே!" கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. கீழே தானியேல் குடையோடு ஓடிவந்தார். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். தானியேல் சிரித்தார். தலையாட்டினார். கேட்டைத் திறந்துவிட்டு, குடையை அவளுக்கே கொடுத்துவிட்டு, மழைக்குத் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் கேட்டைத் தாண்டுவதற்கு முன் திரும்பினாள். குடையை உயர்த்தி, நேராக இரண்டாம் மாடியைப் பார்த்தாள்.

முகம் சுகிர்தாவினுடையதுதான். சிரிப்பு மட்டும் இன்னும் சரியாகப் பழகவில்லை. ஒரு ஓரம் மேலே ஏறியது. மற்ற ஓரம் ஏறவே இல்லை.

கேட் மூடியது. தானியேல் சங்கிலி சுற்றினார். பூட்டினார். லீவு கிடைத்தவர்போல அவரும் தெருவில் இறங்கி நடந்தார்.

பச்சை விளக்கு அணைந்தது.

சுகிர்தா கண்ணாடியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் தெரியவில்லை. மழை நின்றிருந்தது. காற்றும் நின்றிருந்தது. அவள் காது மட்டும் விழித்திருந்தது.

முதலில் ஒரு சக்கரம்.

பிறகு பல.

எல்லா நாற்காலிகளும், இருட்டில், அவளை நோக்கி மெல்ல உருளத் தொடங்கின.